வரையாடு, நூற்றைம்பது ரூபாய்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே
பதினோரு படி இறங்கினால் கடை.
கடை வாசலில், சாக்கடைப் பலகைமேல், என் அடுப்பு.
உள்ளே நான் போனதில்லை.
உள்ளே பேசுவதெல்லாம் எண்ணெய்ச் சத்தத்தைத் தாண்டி
என்னிடம் வந்துவிடும்.

மஞ்சள் லேபிளில், பாறைமேல் ஒரு வரையாடு.
அதன் குளம்புக்கடியில் ‘ஏல்’ என்று எழுத்து.
பீர்தானே, அதென்ன ஏல்?
ஏலக்காய் வாசம் வருமென்று மோந்து பார்த்தவர்கள் உண்டு.
“ஏலத்தில் எவனும் கேட்காத சரக்கு, அதனால் ஏல்”
என்பார் தேயிலை ஏல ஆபீஸ் மனோகரதாஸ்.
சொல்லிவிட்டு
இரண்டாவது பாட்டிலைத் திறப்பார்.

கேத்தியில் கேரட் கழுவுகிற போஜனுக்கு
அது கொய்னாப் பட்டைக் கஷாயம்.
காய்ச்சல் இல்லாதவன் எதற்குக் குடிக்கணும் என்று கேட்பான்.
இரவெல்லாம் தண்ணீரில் நின்று வெளுத்த காலை
மேஜைக்கடியில் தேய்த்துக்கொண்டே
அவன்தான் குடிப்பான்.

லாரிக்காரர் திருவேங்கடம் கட்சி வேறு.
காரமடையில் குடித்தால் சோப்பு நுரையாம்,
கொண்டை ஊசி பதினாலும் ஏறி வந்தால் பீராம்.
“காய்ச்சுறதே கீழதாண்ணே” என்று யாரோ சொல்லப்போய்
மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

வெடிமருந்து ஃபேக்டரியில் ரிட்டையரான சூசைநாதனிடம்
ஆதாரமே இருக்கிறது.
முதல் வருஷம் ஆடு வலப்பக்கம் பார்த்ததாம்,
அப்போது தொண்டையில் தேன் இறங்குமாம்.
இப்போது இடப்பக்கம் பார்க்கிறது.
“ஆட்டைத் திருப்பினவன்
தண்ணிய மாத்தாம விட்டிருப்பானா?”

ஜார்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த சுக்ராம்
ஹண்டியா என்று ஒன்றைச் சொல்வான்,
அவன் வீட்டில் சோற்றைப் புளிக்கவைத்துச் செய்வார்களாம்.
இது எப்படி என்று கேட்டால்
தமிழில் துழாவி, “பரவால்ல” என்பான்.
அந்தப் பரவால்லைக்கு
இரண்டு நாள் ரயில் தூரம்.

எல்லாரும் கடைசியில் திரும்புவது ஜெரோம் பக்கம்.
எஸ்டேட்டில் டீ டேஸ்டர்.
பகலில் முந்நூறு கோப்பை உறிஞ்சி
முந்நூறு தடவை துப்புகிறவர்.
சாயங்காலம் இங்கே வருவது
விழுங்க.
“நாக்குக்கு இப்ப டூட்டி இல்ல” என்பார்.
எட்டு வருஷமாக அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

போன கார்த்திகையில்
மரப்பாலத்தில் மண் சரிந்து லாரி வரவில்லை.
குழாயில் தண்ணீர் வந்தே பன்னிரண்டு நாள்.
குடத்தைக் கவிழ்த்தேன், ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை.
கடலை மாவு கிண்ணத்தில் காய்ந்து கிடக்கிறது.
அப்போது சேல்ஸ்மேன் ஒரு பாட்டிலை நீட்டினான்,
மூடி நெளிந்து உஸ்ஸென்று கசிவது.
“விக்க முடியாதுக்கா, கொட்டிடு.”

கொட்டினேன்.
மாவில்.

அன்றைக்குப் பஜ்ஜி உப்பியது
எனக்கே பயமாக இருந்தது.
போஜன் ஆறு தின்றான்.
மனோகரதாஸ் இலையை வழித்து,
“ஆப்பசோடாவா, இல்ல வேற ஏதாவதா?” என்றார்.
இந்தக் கழுதை மூத்திரத்துக்கு
இவ்வளவு நல்ல பஜ்ஜி அநியாயம் என்றார் சூசைநாதன்.
மாலை போட்டிருந்த கண்டக்டர் மட்டும் கேட்டபோது
தீர்ந்துபோச்சு சாமி என்று
தட்டின்மேல் துணியை இழுத்துவிட்டேன்.

ஜெரோம் ஒரு கடி கடித்தார்.
நின்றது தாடை.
உதட்டைக் குவித்து, சர்ரென்று காற்றை இழுத்து,
டூட்டியில் இருக்கிறவர் மாதிரி கண்ணை மூடினார்.
திறந்தபோது
என்னைத்தான் பார்த்தார்.
நான் கரண்டியால் எண்ணெயைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

“மாவு நல்ல மாவு” என்றார்.
இன்னும் ரெண்டு வாங்கிக்கொண்டு படியேறிப் போனார்.

காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய்.
கொடுக்குமுன்
அடியில் மிஞ்சியதை உள்ளங்கையில் கவிழ்த்து
யாரும் பார்க்காதபோது நக்கிப் பார்த்தேன்.

உப்பு பத்தாது.